நிறச் சான்று

இது பாஸ் ஆகாது.

கழிவறைக் கோப்பைக்குள் தெரிந்த ரத்தத்தைக் குனிந்து பார்த்தபோது அவள் மனதில் ஓடியது இந்த ஒரு வரிதான். ஐயோ என்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், தண்ணீர் ஊற்றினாள், கை கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் வேலை அப்படி. சாயப்பட்டறையில் பத்தொன்பது வருடமாக நிறம் பார்க்கிறவள். சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டையும், வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டையும் விளக்குப் பெட்டிக்குள் ஒட்டி வைத்துப் பார்த்து, சேருகிறது அல்லது சேரவில்லை என்று சொல்ல வேண்டும். ஐநூறு கிலோ துணியின் தலையெழுத்து அவள் கண் இமைக்கும் நேரத்தில் முடிவாகிவிடும். பட்டறையில் எல்லாருக்கும் அவள் 'ஷேட் அக்கா'. கணவர் இறந்து கிடந்தபோதுகூட அவள் முதலில் கவனித்தது அவருடைய நகக்கண்ணின் நிறத்தைத்தான். அதற்காகக் கொஞ்ச நாள் தன்னையே வெறுத்துப் பார்த்தாள். வெறுப்பும் சரியாக ஒட்டவில்லை.

பட்டறையில் ஒரு விதி உண்டு. ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு புகார் எழுதக் கூடாது. அடுத்தடுத்து மூன்று லாட்டில், அதாவது மூன்று தடவை சாயமேறி வந்த துணியில், ஒரே கோளாறு வந்தால்தான் அது கோளாறு, இல்லாவிட்டால் தற்செயல். ஆகவே அவள் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தாள். அந்த வாரமே அதுவும் வந்தது. ஆனால் முதல் இரண்டு தடவை துடைத்த காகிதத்தில் பளிச்சென்று இருந்த சிவப்பு, இந்தத் தடவை ஒரு படி இருட்டியிருந்தது. ஒரே கோளாறு இல்லை. எனவே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

மனதில் வைத்த நிறம் ஏமாற்றிவிடும் என்பதும் பட்டறைப் பாடம்தான். கழிவு நூல் பெட்டியிலிருந்து, ஒவ்வொரு தடவையும் வந்த சிவப்புக்குச் சேருகிற நூலைத் தேடி எடுத்து, ஓர் அட்டையில் சுற்றி, பக்கத்தில் தேதி எழுதினாள். சில நாள் ரத்தத்தோடு வழவழவென்று சளியும் வந்தது. சில நாள் சளி மட்டும் வந்து உள்ளாடையில் ஒட்டியது. அதற்கு நூல் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பென்சிலால் 'சளி' என்று குறித்தாள். பதினொரு வாரத்தில் அட்டையில் பதினேழு நூல் ஏறிவிட்டது. வரிசையாகப் பார்த்தால், விடிந்துகொண்டு வருவதற்கு நேர் எதிராக ஏதோ நடப்பதுபோல் இருந்தது.

அட்டையைக் கண்டுபிடித்தது நாத்தனார். பொத்தான் தைக்க நூல் தேடி அலமாரியைக் குடைந்தவள், அட்டையோடு கூடத்துக்கு வந்தாள்.

"என்ன அண்ணி இது, எல்லாம் சிவப்பாவே இருக்கு? தேதி வேற போட்டிருக்கு."

அவள் சொன்னாள். லாட் நம்பர் சொல்கிற குரலில்தான் சொன்னாள். நாத்தனார் கையில் ஊசியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொரு வாரமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"மூணு தடவை ஒரே மாதிரி வரல."

"நீங்க மனுஷியா, மீட்டர் துணியா?"

பட்டறையில் போடும் மேலங்கி இரண்டு பொத்தான் அளவுக்குத் தொளதொளத்துப்போனதும், மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தன. ஆனால் அவை நிறமில்லாத விஷயங்கள். அவளுடைய துறை அல்ல.

மறுநாள் நாத்தனார் அவளை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கீழ்க்குடல் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு விளம்பரம்: 'பின்வழியே ரத்தமா? வெட்கம் வேண்டாம். தாமதம் வேண்டாம்.' தாமதிக்கிறவர்களுக்கான பெஞ்சு அதற்கு நேர் கீழே போடப்பட்டிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அது வழுவழுப்பாகியிருந்தது.

வெட்கம் வேண்டாம் என்பதை அந்தப் பிரிவு நடைமுறையிலும் கடைப்பிடித்தது. பதிவு ஜன்னலில் இருந்த எழுத்தர் கேள்விகளை ஒலிபெருக்கியில் கேட்டார்.

"எங்கேருந்து ரத்தம்?"

"வெளிக்குப் போற இடத்துல."

"சத்தமா சொல்லுங்கம்மா, கடைசி வரிசைக்கும் கேக்கணும். கலர்?"

"கலரா?"

"பளிச் சிவப்பு, கருஞ்சிவப்பு, கறுப்பு. மூணு கட்டம் இருக்கு. ஒண்ணுல டிக் போட்டாத்தான் நிறச் சான்று. சான்று இருந்தாத்தான் டாக்டர்."

நாத்தனார் அவள் விலாவில் இடித்தாள். "ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க அண்ணி."

சொல்லியிருக்கலாம். அதை அவளே பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தாள். ஆனால் பத்தொன்பது வருடத்தில் எந்த முதலாளி மிரட்டியும் அவள் நிறத்தில் பொய் சொன்னதில்லை. உயிர் போகிற விஷயத்தில் யார் நாக்கும் வளையும்; அவள் நாக்கு இதிலும் வளையவில்லை.

"முதல்ல பளிச் சிவப்பு. மூணாவது தடவைலேருந்து இருட்டுது. இப்ப கருஞ்சிவப்புக்கு ஒரு படி கீழ. லேசா பழுப்பு ஓடுது. சளியும் இருக்கு."

"படிக்கெல்லாம் கட்டம் இல்லம்மா. சளிக்கும் இல்ல."

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினாள். எழுத்தர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கால் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார்.

கண்காணிப்பாளர் அவர்களை உட்காரச் சொன்னார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் பலரோடு நிற்கும் படங்கள் இருந்தன. அட்டையை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பதினாலு வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன்மா. எத்தனையோ பேர் வந்து ரத்தம் போகுது, ரத்தம் போகுதுன்னாங்க. ஒருத்தராவது இப்படி ஆதாரத்தோட வந்தாங்களா? எல்லாம் வாய் வார்த்தை."

"சார், இவங்களை டாக்டர் எப்ப பாப்பாங்க?" என்றாள் நாத்தனார்.

"பாக்காம எங்க போயிடப் போறாங்க? ஆனா எதைப் பாக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ண வேண்டாமா? மூணே மூணு கட்டத்தை வெச்சுக்கிட்டு இவ்வளவு காலம் குருட்டாம்போக்குல ஓட்டிட்டோம். இனிமே அது நடக்காது."

அன்று சாயங்காலமே நிறத் தரப்படுத்தல் குழு அமைக்கப்பட்டது. தலைவர் கண்காணிப்பாளர். செயலாளர் எழுத்தர். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், பெயிண்ட் கடைக்காரர் ஒருவர். ஐந்தாவதாக, 'பயனாளி நிபுணர்' என்ற பதவியில் அவள். குழு புது அட்டையை வெளியிட்டதும் முதல் நிறச் சான்று அவளுக்குத்தான் என்று கண்காணிப்பாளர் வாக்குக் கொடுத்தார். அதுவரை பழைய மூன்று கட்டங்களும் ரத்து.

"வேற ஆஸ்பத்திரி பாப்பமா அண்ணி?" என்றாள் நாத்தனார், படியிறங்கும்போது.

"முதல் சான்று எனக்குத்தானாம்."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்பாங்க. இங்க பூசாரி உங்களையும் பூசாரி ஆக்கிட்டான்."

குழு செவ்வாய்தோறும் கூடியது. கூட்ட அறைக்குப் பக்கத்தில்தான் டாக்டரின் அறை. வாசலில் பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு அடியில் டாக்டரின் செருப்பு மட்டும் தெரியும். சான்றுள்ள நோயாளி ஒருவரும் வராததால் அந்தச் செருப்பு அசையாமலே இருந்தது. பெஞ்சில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். பதிவேட்டில் அவர்கள் 'நிறம் தீர்மானிக்கப்படாதோர்' என்று எழுதப்பட்டார்கள்.

முதல் கூட்டத்தில் வெளிச்சம் பற்றிப் பேசினார்கள். ஒரே ரத்தம் குழல்விளக்கில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் தெரியும் என்று அவள் சொன்னாள். அது உண்மைதான், சொல்லாமல் இருந்திருக்கலாம். காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள், வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் வந்த ரத்தம் மட்டுமே ஏற்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கூட்டத்தில் சாட்சி. நோயாளி சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று எழுத்தர் கேட்டார். அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று முடிவானது. துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தாள்.

"எந்த அதிகாரிங்க கக்கூஸ் வரைக்கும் வருவாரு? நீங்க வர்றீங்களா?"

கண்காணிப்பாளர் உண்மையான வருத்தத்தோடு தலையசைத்தார். "எனக்கு அந்த அதிகாரம் கொடுக்கலையேம்மா."

ஓவிய ஆசிரியர் ஒன்பதாம் நூலைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு சோகம் தெரியுது" என்றார். பெயிண்ட் கடைக்காரர், "ரெண்டு கோட்டு அடிச்சா தெரியாது" என்றார். இதற்கு ஒரு மணி நேரம் போனது.

ஒவ்வொரு கூட்டமும் ஒரே கேள்வியோடு தொடங்கும். மழை வந்ததா என்று கேட்பதுபோல் கண்காணிப்பாளர் கேட்பார்: "இந்த வாரம் வந்ததாம்மா?" அவள் புது நூலைக் காட்டுவாள். நால்வரும் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். ஒருமுறை கைகூடத் தட்டினார்கள். அவள் உடம்பிலிருந்து வரும் ஒன்றுக்காக இவ்வளவு பேர் காத்திருந்தது இதுவே முதல் தடவை. கணவர்கூட அவள் உடம்பைப் பற்றி எதுவும் கேட்டவர் இல்லை. இது சந்தோஷமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். பஞ்சுப் பொதிக்குள் கையை விட்டதுபோல் இருந்தது. விரல் எதிலும் இடிக்கவில்லை.

வெளிக்குப் போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் போலவே இருப்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. கூட்டத்தின் நடுவே இரண்டு தடவை எழுந்து போவாள். அவள் திரும்பி வரும்வரை தீர்மானங்களை நிறுத்திவைப்பார்கள். நிபுணருக்கு மரியாதை.

நூல் முப்பத்தொன்றை எட்டிய வாரத்தில் பெஞ்சில் ஒரு தையல்காரர் வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்துக்குப் போகிற வழியில் அவர் ஜன்னலில் சொல்வது அவளுக்குக் கேட்டது.

"கறுப்பா போகுதுங்க. தார் மாதிரி. நாத்தம் தாங்கல. நேத்துலேருந்து மூணு தடவை. எழுந்தா கண்ணைக் கட்டுது."

"கறுப்பு இப்ப ரத்துல இருக்குங்க," என்றது ஒலிபெருக்கி. "செவ்வாய்க்கு செவ்வாய் விசாரிச்சுக்குங்க."

தையல்காரர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். சுவரைப் பிடித்தார். சுவர் நழுவியது. அவர் தரையில் சரிந்தபோது பச்சைத் திரை விலகியது. அந்தச் செருப்புக்கு மேலே ஓர் இளம்பெண் இருந்தாள் என்பதை எல்லாரும் அன்றுதான் பார்த்தார்கள்.

"தார் மாதிரின்னு சொன்னாரா? தலை சுத்துதுன்னாரா?" குனிந்து நாடியைப் பிடித்தபடியே கேட்டாள். "அப்ப ஒரு நிமிஷம் உக்கார வைக்கக் கூடாது. தள்ளுவண்டி கொண்டாங்க. அவசரப் பிரிவுக்குப் போகணும், இப்பவே."

"டாக்டர், சான்று..." என்றது ஒலிபெருக்கி.

"நான் கையெழுத்துப் போடறேன். வண்டி."

தையல்காரர் பிழைத்துவிட்டார். அன்றைய கூட்டக் குறிப்பில் அது 'நடைமுறைக்குப் புறம்பாக ஒருவர் காப்பாற்றப்பட்டார்' என்று பதிவானது. டாக்டரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

கூட்டம் முடிந்து அவள் வெளியே வந்தபோது டாக்டர் திரையருகே நின்று அந்தக் கடிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தாள்.

"நீங்க செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வர்றீங்களே. ஊழியரா?"

"குழுவுல இருக்கேன்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் அட்டையை நீட்டினாள். டாக்டர் அதை வாங்கி, பார்க்காமலேயே தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"எத்தனை மாசமா?"

"அஞ்சு முடிஞ்சு ஆறு."

"இளைச்சிருக்கீங்களா?"

"மேலங்கி பெருசாயிடுச்சு."

"போற பழக்கம் மாறியிருக்கா?"

"போயிட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருக்கு."

"வீட்ல யாருக்காவது குடல்ல கட்டி வந்திருக்கா?"

"அப்பாவுக்கு வயித்துல ஏதோன்னாங்க. யாரும் சரியா சொல்லல."

இதுவரை யாரும் கேட்காத கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் உள்ளே தயாராக இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. டாக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா நிறம் ஒரு துப்பு, அவ்வளவுதான். பளிச்சுனு இருந்தா மூலம்தான்னு வீட்லயே இருந்துடறாங்க, அதுவும் தப்பு. உள்ள பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. மூலமா இருக்கலாம், வெடிப்பா இருக்கலாம், புண்ணா இருக்கலாம், வேற ஏதாவதும் இருக்கலாம். ரெண்டு மூணு வாரம் விட்டு விட்டு வந்தாலே வந்திருக்கணும் அக்கா. கொஞ்சமா வருதேன்னு இருக்கக் கூடாது."

"ஒரே மாதிரி வரட்டும்னு இருந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "முதல்ல விரல் விட்டுப் பாக்கணும். ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் குழாய் விட்டுப் பாக்கறதுக்கு நாள் குறிப்பேன். இன்னிக்கே பாத்திருப்பேன், இந்த லெட்டருக்கு இப்பவே மேல போய் நிக்கணுமாம். வியாழக்கிழமை பத்தரைக்கு வாங்க."

"சான்று இல்லையே."

"அது கதவு இல்ல, திரை. விலக்கிட்டு வாங்க."

வியாழக்கிழமை நாத்தனார் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். மூன்றாவது மாடியில் பெஞ்சைக் காணவில்லை. அந்த இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் மாடிப்படிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தொரு நிறங்களும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அச்சடிக்கப்பட்டு, துணி போர்த்தி நின்றன. அன்றைக்குத்தான் வெளியீட்டு விழா என்பதை அவளுக்கு இரண்டு கடிதங்கள் மூலம் தெரிவித்திருந்தார்கள். அவள் இரண்டையும் படித்திருந்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் அவளை இடது பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாள். மேலே ஒரு போர்வையைப் போர்த்தினாள். முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவர். வெளியே ஒலிபெருக்கி உயிர் பெற்றது. கண்காணிப்பாளரின் குரல்.

"பெருமதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே. ஒரு காலத்தில் இந்தப் பிரிவில் மாதம் இருநூறு பேருக்கு நோய் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். என்ன கொடுமை என்று எண்ணிப் பாருங்கள். குழு அமைந்த இந்த மூன்று மாதத்தில், ஒருவருக்குக்கூட நோய் கண்டறியப்படவில்லை. ஒரே ஒரு விதிமீறலைத் தவிர, முழுப் பூஜ்யம். விழிப்புணர்வு என்றால் இதுதான்."

கைதட்டல் கேட்டது. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஜில்லுனு இருக்கும். வலிச்சா சொல்லுங்க."

திரை அசைந்தது. எழுத்தரின் குரல் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "அம்மா, உங்களைத்தான் தேடறோம். மேடைல கூப்பிட்டாச்சு. கண்ணாடிச் சட்டத்துல ஒரு கையெழுத்து, நிறமெல்லாம் சரின்னு. நிபுணர் கையெழுத்து இல்லாம திறக்க முடியாது. டாக்டர், நீங்களும் முன் வரிசைல இருக்கணும்னு உத்தரவு."

டாக்டர் கையுறையோடு நின்றாள். அவளுக்கு இன்னொரு கடிதம் வரும் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

வேகமாகக் காலடிகள் வந்தன. கண்காணிப்பாளரே வந்துவிட்டார். திரைக்கு வெளியே நின்று, முடிந்தவரை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம்மா. எழுந்து வந்துட்டுத் திரும்பப் படுத்துக்குங்க. யார் வேண்டாம்னா? ரத்தம் நாளைக்கும் வரும். இயக்குநர் வருவாரா?"

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. ரத்தம் நாளைக்கும் வரும். கால் எழுந்துகொள்ளத் தயாராவதைக்கூட உணர்ந்தாள். பத்தொன்பது வருடமாக யார் கூப்பிட்டாலும் எழுந்துபோன கால். மரத்துப்போன உடம்பில் அதற்கு மட்டும் எப்போதும் உயிர் இருந்தது. அவள் அதை மடக்கி, முழங்காலை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"நான் வரலைங்க."

"வரலைன்னா? காரணம் எழுதணுமேம்மா. காரணம் என்னன்னு போடறது?"

அவள் காரணம் சொல்லவில்லை. திரைக்கு வெளியே ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது.

"நீங்க பாருங்க டாக்டர்," என்றாள் சுவரிடம்.